மணல் வளவும் சேதனப் பசளையும்

கல்முனையிலிருந்து நிந்தவூர், அட்டாளைச்சேனை வரையுள்ள கரையை வறண்ட பூமி என்பது பாதி உண்மைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோட்டக்காரருக்குக் கிணறு ஒன்றே கதி. மண்ணோ மணல், நீரும் பசளையும் அதில் தங்குவதில்லை. மண்ணைத் திரும்ப உயிர்ப்பிக்கும் வேளாண்மை என்று இன்று பேசப்படுவதை இந்த மணலில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அதன் வலிமை நீரைக் காப்பதில் இருக்கிறது. கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாகவே நிற்கிறது. மோட்டார் வைத்து அளவுமிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். 2004 சுனாமியில் கிணறுகள் உவர்த்துப்போனதைக் கண்ட ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தரிக்கும் பயிற்றைக்கும் அடியில் வைக்கோலையோ தென்னோலையையோ தடிப்பாகப் பரப்பினால் மணலின் சூடு தணியும். ஊற்றிய தண்ணீர் சற்று நின்று வேருக்கு உதவும். வேலியில் நட்ட கிளிசரியா காற்றைத் தடுக்கும். வெட்டிய தழை பசளையாகும். இறைப்பு குறையும்போது கிணறும் பிழைக்கும். ஆனால் இந்த வெப்பத்தில் போட்டதெல்லாம் விரைவில் உக்கிப்போகும். களிமண்ணில் சேர்வதுபோல மணலில் சத்து சேராது. போகத்துக்குப் போகம் புதிதாகப் பரப்பியே ஆகவேண்டும்.

வேற்றிடத்து முறையை அப்படியே கொண்டுவருவதும் உதவாது. புர்கினா பாசோ விவசாயிகள் இறுகிய தரையில் குழிதோண்டி எருவிட்டு மழையைப் பிடித்தது உலகறிந்த சாதனை. அங்கே மழைநீர் தரைமேல் ஓடிவிடுகிறது. இங்கே அது கீழே இறங்கிவிடுகிறது.

பலவீனம் நைதரசனில். ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஈரச்சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு என்று கொண்டால், அதே அளவுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் சாணம் வேண்டும். கால் ஏக்கர் மரக்கறித் தோட்டத்துக்கு இரண்டு மாடும் கிளிசரியா வேலியும் ஓரளவு ஈடுகொடுக்கும். சம்மாந்துறை வட்டைகளில் விரிந்துகிடக்கும் வெள்ளாமைக்கு எத்தனை மாடு வேண்டும்? கோட்டாபய ராஜபக்ஷ அரசு இந்தக் கணக்கைப் பாராமல் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் அது பின்வாங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தது. சேதனப் பசளை என்றாலே விவசாயி முகம் திருப்பும்படி ஆனது அதைவிட நீண்ட இழப்பு என்று நினைக்கிறேன். தோட்டத்தில் பலன்தரும் முறையும் வயலில் நேர்ந்த பழியைச் சுமக்கிறது.

அதற்காக யூரியாவை மணலில் கொட்டலாம் என்றாகாது. கல்பிட்டியின் மணல் தோட்டங்களில் பசளை கரைந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று சேர்ந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. குடிக்கும் கிணறும் இறைக்கும் கிணறும் ஒன்றேயான வளவுகளில் இது உயிர்ப் பிரச்சினை. சாணத்தை ஒரேயடியாகக் குவித்தாலும் இதே கேடுதான். கூட்டெருவை அடிப்படையாக வைத்து, யூரியாவைச் சிறுசிறு தடவையாகப் போடுவதே இந்த மணலுக்கு ஏற்றது என்பது என் முடிவு. தூய சேதன வேளாண்மையை விரும்புவோர் இதை ஏற்கமாட்டார்கள்.

தோட்டம் தன்னிறைவானது என்ற பேச்சையும் சோதிக்க வேண்டும். பரப்பும் வைக்கோல் வட்டையிலிருந்து வருகிறது. அதோடு வயலின் பொட்டாசியமும் வந்துவிடுகிறது. எரிக்கப்போகும் வைக்கோலை ஏற்றிவருவது நல்லது. ஆண்டுதோறும் முழுவதையும் அள்ளினால் ஒரு மண்ணைத் தேற்ற இன்னொரு மண் மெலியும். சந்தைக் கழிவு இதைவிட நல்ல வழி. ஆனால் அது பிளாஸ்டிக்கோடு கலந்தே குப்பைமேட்டுக்குப் போகிறது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் அப்படிப்பட்ட குப்பையைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வீட்டிலும் சந்தையிலும் தரம்பிரித்தால் அதே கழிவு மணலுக்கு எருவாகும்.

காணி யாருடையது என்ற கேள்வியும் உண்டு. போகக் குத்தகைக்குக் காணி எடுத்தவர் யூரியா போட்டால் அந்தப் போகத்திலேயே பலன் காண்பார். கிளிசரியா வேலி தழைத்து, மண்ணில் கருமை ஏறச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் காணி வேறொருவர் கைக்குப் போய்விடலாம். கமநல சேவை நிலையங்கள் கூட்டெரு செய்யக் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், ஐந்தாண்டுக் குத்தகை எழுதிக்கொள்ளக் காணிக்காரரையும் குத்தகைக்காரரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும்.