தூற்றப்பட்டவளும் வாய்திறவாதவனும்

போர்க்கால ஒற்றர் கதைகளில் காதல் பெரும்பாலும் ஊறுகாயாகவே பரிமாறப்படும். துப்பாக்கியும் இரகசியக் கோப்பும் இலையின் நடுவே இருக்க, காதல் ஓர் ஓரத்தில் கிடக்கும். ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1946-இல் வெளிவந்த ‘நொட்டோரியஸ்’ என்னும் திரைப்படம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. இதில் ஒற்றுவேலை ஒரு சாக்கு மட்டுமே. நேசிக்கிறவன் நேசிக்கப்படுகிறவளை நம்புவானா என்பதே படத்தின் கேள்வி.

இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருக்கிறது. ஜெர்மனிக்காக அமெரிக்காவுக்குத் துரோகம் இழைத்த ஒருவருக்கு மயாமி நகரில் இருபதாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்படுகிறது. அவருடைய மகள் அலிசியா (இங்கிரிட் பெர்க்மன்) மதுவிலும் களியாட்டத்திலும் தன் அவமானத்தை மறக்க முயல்கிறாள். அவளை அணுகும் உளவு அதிகாரி டெவ்லின் (கேரி கிராண்ட்), ரியோ டி ஜெனிரோவில் தங்கியுள்ள நாஜிகளை வேவு பார்க்க அழைத்துச் செல்கிறான். இருவருக்கும் காதல் மலர்கிறது. அந்த வேளையில்தான் மேலிடத்து ஆணை வருகிறது: முன்பு அவள்மீது ஆசை கொண்டிருந்த செபாஸ்தியன் (குளோட் ரெய்ன்ஸ்) என்பவனை அவள் மயக்க வேண்டும். அவனோ அவளை மணக்கவே விரும்புகிறான். அவள் மணக்கிறாள், மதுக்கிடங்கின் சாவியைத் திருடுகிறாள், பிடிபடுகிறாள், கணவனும் மாமியாரும் காப்பியில் சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்கும் நஞ்சால் சாவின் வாயிலை எட்டுகிறாள்.

படம் உருவான வரலாறும் சுவையானதே. 1921-இல் ஓர் அமெரிக்க வார இதழில் ஜான் டெய்ன்டர் ஃபூட் எழுதிய முதல் உலகப் போர்க்காலக் கதையிலிருந்து பிறந்த கருவை, ஹிட்ச்காக்கும் பென் ஹெக்டும் திரைக்கதையாக்கினர். அப்போது வேறொரு பெரும்படத்தில் மூழ்கியிருந்த தயாரிப்பாளர் செல்ஸ்னிக், கதை, இயக்குநர், நடிகர் என அனைத்தையும் ஒரே கட்டாக 8 லட்சம் டாலருக்கும் இலாபத்தில் பாதிப் பங்குக்கும் ஆர்.கே.ஓ. நிறுவனத்திடம் விற்றார். மதுப்புட்டியில் ஒளித்துவைக்கப்பட்ட பொருள் யுரேனியம் என்று ஹிட்ச்காக் தேர்ந்தது ஹிரோஷிமாவுக்கு முன்பே என்றும், அதனால் தம்மை எஃப்.பி.ஐ. அமைப்பினர் கண்காணித்தனர் என்றும் அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. ஆய்வாளர் பலர் அதை முழுமையாக நம்புவதில்லை. எப்படியாயினும், படப்பிடிப்பு தொடங்கிய 1945 அக்டோபரில் யுரேனியம் என்ற சொல் உலகையே நடுங்க வைத்திருந்தது. ஆயினும் அந்தக் கறுப்பு மணலை இயக்குநர் பொருட்படுத்தவில்லை என்பது படத்தைப் பார்ப்போர்க்கு விளங்கும். விருந்துக் காட்சியில் ஒளிப்படக்கருவி மாடிப்படியின் உச்சியிலிருந்து கூட்டத்தினூடே மெல்ல இறங்கி, அலிசியாவின் கைக்குள் மறைந்துள்ள சிறு சாவியில் வந்து நிற்கிறது. ஒரு பெண்ணின் உயிர் அந்த உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டதை ஒரு சொல்லுமின்றி உணர்த்தும் காட்சி அது.

அக்காலத்து அமெரிக்கப் படங்கள் கட்டுப்பட்டிருந்த ஒழுங்குமுறை விதிகளை 1930-இல் வகுத்தவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு தானியேல் லார்ட். 1934 முதல் அவற்றை நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. ஹிட்ச்காக்கும் இலண்டனில் இயேசு சபையினரிடம் பயின்றவர். திரையில் முத்தம் நீளக் கூடாதென்ற கட்டுப்பாட்டை அவர் எதிர்கொண்ட விதம் பெயர்பெற்றது: காதலர் முத்தத்தை இடையிடையே நிறுத்தி, உணவு பற்றிப் பேசி, தொலைபேசிக்கு நடந்து, மீண்டும் தொடர்கின்றனர், காட்சி இரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. விதி மீறப்படவில்லை; விதியின் நோக்கமோ காற்றில் பறந்தது. கதைநாயகியின் ஒழுக்கம் பற்றியும் பிரீனின் அலுவலகம் ஆட்சேபம் எழுப்பியது. ஒழுக்கத்தைக் காக்க எழுந்த முயற்சியை நாம் இகழவில்லை. ஆனால் இப்படத்தின் உண்மையான ஒழுக்கக்கேடு எந்தக் கத்திரிக்கும் எட்டாத இடத்தில் இருந்தது என்பதே நம் கருத்து.

யூதித்தின் வரலாற்றை நாம் அறிவோம். அவர் அசீரியப் படைத்தலைவனின் கூடாரத்துக்குத் தாமே துணிந்து சென்றார், இறைவேண்டலோடு சென்றார், மாசின்றித் திரும்பினார். அலிசியாவையோ மேசையைச் சுற்றி அமர்ந்த அதிகாரிகள் அனுப்புகின்றனர். அவள் கெட்டுப்போனவள், ஆகவே இழக்க ஏதுமில்லை என்பது அவர்கள் கணக்கு. திருமண இசைவையே அவர்கள் ஓர் உளவுத் தந்திரமாக்குகின்றனர். பீடத்தின்முன் பொய்யாகச் சொல்லப்படும் இசைவு இசைவே அன்று என்று திருச்சபைச் சட்டம் கற்பிக்கிறது. அந்த மணத்தில் மனமார இசைந்தவன் நாஜியான செபாஸ்தியன் ஒருவனே என்பது எத்தகைய முரண்! அவள் நோயுற்றிருக்கும் செய்தியை அறியும் மேலதிகாரி, படுக்கையில் சாய்ந்தபடி பிஸ்கட்டில் பாலாடைக்கட்டி தடவித் தின்றுகொண்டிருக்கிறார். அதிகாரத்தின் குளிர்ந்த நெஞ்சத்துக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமோ?

எனினும் பெரிய குற்றம் டெவ்லினுடையதே. அதிகாரிகள் அவளை இழித்துப் பேசும்போது அவள் இல்லாத இடத்தில் அவளுக்காக வாதிடுகிறான். அவள்முன்போ கல்லாய் நிற்கிறான். ‘போகாதே’ என்று அவன் சொல்வான் என அவள் காத்திருக்கிறாள். அவள் மறுப்பாள் என அவன் காத்திருக்கிறான். ஒரு சொல் போதும், அது வரவில்லை. திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறியதையும் நாம் அறிக்கையிடுகிறோம். அந்த நான்காம் வகைப் பாவத்தின் முகத்தை டெவ்லினிடம் காணலாம். நஞ்சுண்டு தள்ளாடும் அவளைப் பூங்கா இருக்கையில் பார்த்தபோதும், மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றே அவன் முடிவு கட்டுகிறான். அவள் பழைய பெயர் அவள் நோயை மறைத்துவிடுகிறது. காப்பியில் கலந்த நஞ்சுக்குச் சற்றும் குறையாதது இந்த முன்முடிவு. இறுதியில் அவன் மாடியேறிச் சென்று தன் அன்பை வாய்விட்டுச் சொன்ன பிறகே அவளுக்கு எழுந்து நடக்க வலுப்பிறக்கிறது.

முடிவில்தான் நமக்கு மனக்குறை. படியிறங்கும் இருவரையும் பின்தொடர்ந்து வந்து தன்னையும் ஏற்றிக்கொள்ளுமாறு மன்றாடும் செபாஸ்தியனைக் காரின் கதவைப் பூட்டிவிட்டுச் செல்கிறான் டெவ்லின். தன் கூட்டாளிகள் காத்திருக்கும் வீட்டுக்குள் அவன் சாவை நோக்கித் தனியே திரும்புகிறான். அவன் கொலைகாரன்தான், நீதி கிடைத்ததென்று கொள்ளலாம். ஆனால் அலிசியாவை அந்த வீட்டுக்கு அனுப்பிய மேசை எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் தப்பிவிடுகிறது. மன்னிப்பின் இனிமையை அப்போதுதான் சுவைத்த காதலனிடம் இரக்கம் துளியும் பிறக்கவில்லை. இயக்குநர் இதை அறிந்தே செய்தார் என்று தோன்றுகிறது. கதவு மூடும் ஓசையில் வெற்றியின் களிப்பு இல்லை.

இங்கிரிட் பெர்க்மன் 1945-இல் ‘தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்’ படத்தில் அருட்சகோதரியாகவும், 1948-இல் புனித ஜோனாகவும் நடித்து மக்கள் உள்ளங்களில் பீடமேறியவர். மணவாழ்வுக்குப் புறம்பாக இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியுடன் வாழத் தொடங்கியபோது, 1950-இல் அமெரிக்க செனட் அவையிலேயே அவர் வசைபாடப்பட்டார். அவர் செய்தது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் போற்றிய வாயே தூற்றிய வேகத்தை எண்ணும்போது, இப்படத்தின் தலைப்பு திரையைவிட்டு வெளியே வந்து மக்களிடையே உலவியதாகவே படுகிறது.

நம் பங்குகளிலும் தெருக்களிலும் பெயர் கெட்டவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்தோர் சிலர் தள்ளாடிக்கொண்டிருக்கலாம். குடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கடந்து போகுமுன், அவர்கள் குடிக்க நேர்ந்தது எதுவென்று ஒரு சொல் கேட்போமா?