இலங்கை அழைத்த கவிஞன் யார்?

கண்டி திரினிற்றிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆங்கிலேயருள் இலங்கையர் நினைவில் இன்றும் நிற்பவர் வோல்டர் ஸ்டான்லி சீனியர் பாதிரியார் (1876–1938). 'இலங்கையின் அழைப்பு' என்னும் அவரது ஆங்கிலக் கவிதையை நம் நாட்டு மாணவர் பல தலைமுறையாக மனப்பாடஞ் செய்து வந்துள்ளனர். அதனை வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களோடு சில கேள்விகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மார்ல்பறோப் பள்ளியிலும் ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியிலும் பயின்ற சீனியர், சேர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1906இல் கண்டிக்கு வந்து உப அதிபரானார். அந்நாளில் அதிபராயிருந்தவர் ஏ. ஜி. பிறேசர். ஆங்கிலமே கல்வியென்று கருதப்பட்ட அக்காலத்தில், மாணவர் தம் தாய்மொழியையும் கற்றாக வேண்டுமென்று நின்றவர் அவர். மிஷனரிகளையெல்லாம் ஒரே தராசில் நிறுப்பது முற்போக்காகாது. சீனியர் இம்மண்ணை நேசித்தார் என்பதிலும் ஐயமில்லை; அவரது அஸ்தி அப்புத்தளை தேவாலய வளவிலேயே அடங்கியுள்ளது.

ஆயினும் நேசம் வேறு, பார்வை வேறு. அவர் கவிதையில் இலங்கை ஒரு தாயாகத் தோன்றித் தனக்கொரு கவிஞன் வேண்டுமென்கிறாள். தாம் அந்நியத் தீவின் பிள்ளை, இவள் தமக்கு வளர்ப்புத் தாய், தம் குரல் சிறிது காலத்துக்கே, உண்மைக் கவிஞன் அவள் வயிற்றிலேதான் பிறப்பான் என்று கவிஞர் ஒப்புக்கொள்கிறார். ஆளும் இனத்தவர் ஒருவரிடம் இத்தகைய அடக்கத்தைக் காண்பது அரிது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

வரப்போகும் அக்கவிஞன் எவற்றைப் பாடுவான்? சிவனொளிபாதம், துன்ஹிந்த அருவி, சிகிரியா, மின்னேரியாவில் மேயும் ஆநிரை என்று பட்டியல் நீள்கிறது. தேயிலைத் தோட்டம் அதில் இல்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆண்டு 1867. சீனியர் கண்டிக்கு வந்தபோது அந்தனைச் சரிவுகளில் கூடை சுமந்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர் சார்ந்த சங்கமே அத்தொழிலாளரிடையே தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் அரை நூற்றாண்டாக ஊழியம் செய்துவந்தது. எனவே கண்ணில் படவில்லையென்று சொல்ல இடமில்லை. மலையை அழகாகவும் இடிபாட்டைப் பழம் பெருமையாகவும் காணப் பழக்கிய கல்வி, லயத்துக் காம்பிராவைக் கவிதைக்குரிய பொருளாகக் காணப் பழக்கவில்லை என்பதே எமது கருத்து.

கவிதையின் பிற்பகுதி இன்னும் சிந்திக்கத்தக்கது. இனங்கள் யாவும் ஒன்றாய்க் கலந்து, ஒரே முரசின் ஒலிக்கு அணிவகுக்கும் நாளை அவர் கனவு காண்கிறார். அன்று ஆசானின் பணி முடிந்துவிடுமாம். ஆளவந்தவனை ஆசான் என்றழைப்பது ஏகாதிபத்தியத்துக்குப் பழகிப்போன சொல்லலங்காரம்! அது கிடக்கட்டும். அந்த முரசு யார் கையிலிருக்கும் என்ற கேள்வி கவிஞருக்கு எழவேயில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாயிற்று. இவற்றை அனுபவித்த நம் மாணவனுக்கு ஒரே முரசு என்ற படிமம் இனிக்குமா? கலத்தல் என்பது சமத்துவமாகவும் இருக்கலாம், விழுங்கப்படுதலாகவும் இருக்கலாம். வேறுபாட்டைச் சொல்லாத கவிதை, அதன் ஓசை எத்துணை இனிதாயினும், பாதிக் கவிதையே.

சீனியர் எதிர்பார்த்த கவிஞன் வராமலில்லை. அவர் பாராத திசையிலிருந்து வந்தான். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கத்திலே உழைத்தவர், 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், மறு ஆண்டிலேயே தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் பிரஜாவுரிமை இழந்ததைக் கண்டவர். அவரது 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையில், பாதிரியார் பட்டியலில் இடம்பெறாத மனிதர் மலைச்சரிவெங்கும் நிறைந்திருக்கின்றனர். தேயிலைக்கு உரமாய்ப் புதையுண்டோரின் வரலாறே அதன் மூச்சு.

அதுவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. தம்மைப் பற்றிய அக்கவிதையைத் தோட்டத்து மக்கள் தம் மொழியில் படிக்கச் சக்தீ பாலஐயாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நூல் 1969இல் வெளிவந்தது, கண்டியிலிருந்துதான். நம் ஆசிரியர்கள் இரண்டு கவிதைகளையும் ஒரே வாரத்தில் கற்பித்துப் பார்க்கட்டும். மாணவர் என்ன கேட்கிறார்கள் என்று எமக்கு எழுதட்டும்.