அசதி யாருடையது? எச்.ஐ.வி-யும் மனச்சோர்வு வினாப்பட்டியலும்

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுற வினாப்பட்டியல் பி.எச்.கியூ-9. 2001-ல் வந்தது. 9 கேள்வி, அதிகபட்சம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டா கவனிக்கணும்னு அர்த்தம்.

எச்.ஐ.வி உள்ளவங்ககிட்ட இது கொஞ்சம் தடுமாறும். தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் வேகம் என 5 கேள்விகளுக்கு நோயோ மாத்திரையோகூட 'ஆமாம்' சொல்ல வைக்கலாம். எஃபாவிரென்ஸ் மாத்திரை கெட்ட கனவைத் தரும். சிலருக்கு மனச்சோர்வையே தரும். ரெண்டு வேற பழுதுக்கு ஒரே எர்ரர் மெசேஜ் வர்ற மாதிரிதான்.

அப்போ உடம்பு பற்றிய கேள்விகளைத் தூக்கிடலாமேன்னு ஒரு வாதம் உண்டு. எனக்கு இது சரியாப் படலை. 'மனசு சரியில்லை'ன்னு டாக்டர்கிட்ட எத்தனை பேர் நேராச் சொல்வாங்க? 'தூக்கமே வரலை'ன்னுதானே பேச்சே ஆரம்பிக்கும்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரம் வேற வழியில் போனது. 1990-களில் அங்கே உருவான ஷோனா மொழி வினாப்பட்டியல்ல 14 கேள்வி. 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசிச்சுக்கிட்டே இருக்கிறது, அதில் ஒண்ணு. அசதி, தூக்கமின்மை, வயிற்று வலியும் அதிலேயே இருக்கு. மக்கள் பேசுற வார்த்தையை எடுத்தாங்க, ஆனா உடம்பை விடலை.

மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச் இந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்துது. 2016-ல் வெளியான அவங்க ஆய்வுல 24 கிளினிக், 573 பேர். பத்தில் நாலு பேருக்கு எச்.ஐ.வி. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் பெஞ்சுல உட்கார வச்சு, ஒரு பிரச்சினையை எடுத்து வழி தேட உதவினாங்க. ஆறு மாதம் கழிச்சு பி.எச்.கியூ-9 படி மனச்சோர்வு அறிகுறி இருந்தவங்க 14 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவங்கள்ல 50 சதவீதம்.

அசத்தலான முடிவுதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. எய்ட்ஸ் முற்றியவங்களையும் தற்கொலைத் திட்டம் வச்சிருந்தவங்களையும் இந்த ஆய்வுல சேர்க்கலை. ஆக, 'பெஞ்சே போதும், டாக்டர் வேண்டாம்'னு இதை வச்சுச் சொல்ல முடியாது.

'எச்.ஐ.வி-ன்னா சோகம் இருக்கத்தானே செய்யும்'னு விடுறதுதான் பெரிய தப்பு. சோர்ந்தவங்க மாத்திரையைத் தவறவிடுவாங்க, வைரஸ் தலைதூக்கும். அசதின்னு ஒருத்தர் சொன்னா ரத்தசோகையையும் காசநோயையும் பாருங்க; மாத்திரையைப் பாருங்க; மனசையும் கேளுங்க. இதுல ஒண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.