ஃபால்கோனெட்டியின் இரண்டாவது டேக்

பிரெஞ்சு நடிகை ரெனே ஃபால்கோனெட்டி பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். வாழ்நாளில் ஒரே ஒரு படம், 'த பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928). இயக்குநர் கார்ல் டிரெயர் அவரைக் கல் தரையில் மண்டியிட வைத்து, வதைத்து, அந்த நடிப்பைப் பிடுங்கி எடுத்தார். அத்தோடு கதை முடியும்.

முதல் பாதி தப்பு. 1917லேயே இரண்டு மௌனப் படங்களில் நடித்திருக்கிறார். டிரெயர் படத்துக்கு முன்பே பத்து வருஷம் பாரிஸ் மேடைகளில் இருந்தவர். 1924ல் கொமெடி ஃப்ரான்ஸேஸ் குழுவிலும் கொஞ்ச காலம். டிரெயர் அவரைக் கண்டுபிடித்ததே ஒரு லேசான நகைச்சுவை நாடகத்தில்தான். படத்துக்குப் பிறகும் மேடையை விடவில்லை. சொந்தமாக நாடக அரங்கு நடத்திக் கைக்காசையும் இழந்தார். 1946ல் பியூனஸ் அயர்ஸில் இறந்தார்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். படப்பிடிப்பு சுலபமாக இல்லை என்பது நிஜம். ஒப்பனை கிடையாது. தலைமுடியை உண்மையாகவே ஒட்ட வெட்டினார்கள். ஆனால் நடிப்பு வந்ததே வதையால்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், ஒரு தீ விபத்து.

1928லேயே பெர்லினில் மூல நெகடிவ் எரிந்துபோனது. டிரெயர் என்ன செய்தார்? முதலில் பயன்படுத்தாமல் ஒதுக்கிய டேக்குகளை எடுத்து, ஷாட் ஷாட்டாகப் படத்தை மறுபடி கட்டினார். நம்ம துறை பாஷையில் சொன்னால், பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர். 1950களில் பரவலாகத் திரையிடப்பட்ட பதிப்பு இந்த இரண்டாவது நெகடிவிலிருந்து வந்ததுதான். முதல் வடிவத்தின் பிரதி 1981ல்தான் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இடைப்பட்ட காலத்தில் எத்தனை ரசிகர்களும் விமர்சகர்களும் அந்த முகத்தைப் பார்த்து உருகியிருப்பார்கள்? அவர்களில் பலர் பார்த்தது இயக்குநர் முதலில் தேர்ந்தெடுக்காத டேக்குகளை! வலியில் தற்செயலாக வந்த கண்ணீர் என்றால் அது ஒரு தடவைதான் வரும். அதே இடத்தில், அதே அளவில், இன்னொரு டேக்கிலும் வருகிறதென்றால் அதற்குப் பெயர் தொழில். ராத்திரிக்கு ராத்திரி ஒரே வேஷத்தைப் புதுசாகச் செய்து பழகிய மேடை நடிகையின் தொழில்.

டிரெயரின் பங்கைக் குறைக்கவில்லை. அந்த நெருக்கக் காட்சிகளும் படத்தொகுப்பும் அவருடையவை. 35 வயது நகைச்சுவை நடிகைக்குள் 19 வயது ஜோனைப் பார்த்த கண்ணும் அவருடையதே. ஆனால் ஒரு பெண் அபாரமாக நடித்தால் "யாரோ அவளிடமிருந்து வாங்கிவிட்டார்கள்" என்று எழுதும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஃபால்கோனெட்டி விஷயத்தில் அந்தக் கதை நூறு வருஷமாக ஓடுகிறது. அதை மறுக்கும் ஆதாரம் அந்த இரண்டாவது நெகடிவிலேயே இருக்கிறது. முடிந்தால் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.