22 வாட் போதும்: மேடையில் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்

மேடைக்கு ட்யூப் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். 22 வாட் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஃபெண்டரின் '65 டீலக்ஸ் ரிவெர்பைச் சின்ன அரங்குகளிலும் கல்யாண மண்டபங்களிலும் திறந்தவெளி மேடைகளிலும் வாசித்துப் பார்த்த பிறகு இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டிரம்ஸ், பேஸ், பாடகர் என்று ஒரு குழுவோடு வாசிக்கும் பெரும்பாலான கிட்டாரிஸ்டுகளுக்கு 22 வாட்தான் சரியான அளவு.

கணக்கைப் பாருங்கள். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். 'சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது' என்று காது நம்புவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஃபெண்டரின் பெரிய ஆம்பான ட்வின் ரிவெர்ப் 85 வாட். டீலக்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தி இருந்தும் அந்தச் சக்தியால் மட்டும் கிடைக்கும் லாபம் 6 டெசிபல். ஆனால் டீலக்ஸ் 19 கிலோ, ட்வின் 29 கிலோ. மாடிப்படி ஏறும்போது அந்தப் பத்து கிலோ என்ன என்பது தெரியும். சத்தம்தான் வேண்டுமென்றால் ஸ்பீக்கரை மாற்றலாம். 97 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கரைப் பொருத்துவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

அப்படியானால் 100 வாட் ஆம்புகள் எதற்கு வந்தன? 1965 வாக்கில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்செண்ட் இன்னும் பெரிய சத்தம் வேண்டுமென்று லண்டனில் ஜிம் மார்ஷலிடம் கேட்டார். மார்ஷலின் 100 வாட் ஆம்ப் அப்படித்தான் பிறந்தது. அன்றைய அரங்குகளில் பி.ஏ. என்பது பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கடைசி வரிசை ரசிகருக்கும் கிட்டார் கேட்க வேண்டுமென்றால் அது ஆம்பிலிருந்தே போயாக வேண்டும். இன்று ஆம்பின் முன்னால் ஒரு மைக் வைத்தால் மிச்சத்தை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும். தேவை மறைந்த பிறகும் அந்த எண்ணின் மீதான மயக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.

டீலக்ஸ் ரிவெர்ப் 1963-ல் வந்த வடிவம். இப்போது கடையில் கிடைப்பது 1990களிலிருந்து ஃபெண்டர் மறுபடி தயாரித்துவரும் பதிப்பு. பவர் ட்யூபாக ஒரு ஜோடி 6வி6, ரெக்டிஃபையருக்கும் ஒரு ட்யூப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. மாஸ்டர் வால்யூம் கிடையாது. இந்த ஆம்பின் குணமே அதில்தான் இருக்கிறது. வால்யூம் மூன்றில் இருக்கும்வரை ஒலி தெளிந்த நீர். நாலைத் தாண்டினால் சுரங்களின் ஓரம் லேசாகச் சொரசொரக்கத் தொடங்கும். ஐந்தரையில் வைத்து, கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்து, ஒரு ஈ மைனர் கார்டை மெதுவாக வருடினேன். ஆறு தந்திகளும் தனித்தனியே கேட்டன. அதே கார்டை அழுத்தி அடித்தேன். சத்தம் பெரிதாகக் கூடவில்லை. கூடவேண்டிய இடத்தில் ஒலி தடித்து, ஒரு நொடி உள்ளே அமுங்கி, பிறகு எழுந்தது. பவர் ட்யூப்கள் தங்கள் எல்லையைத் தொட்டு, பவர் சப்ளையும் கொஞ்சம் தொய்ந்துபோவதால் வரும் அசைவு இது. கை எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறதோ அவ்வளவுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. பெடலை மிதிக்காமலே தாளத்திலிருந்து தனி வாசிப்புக்கு மாறலாம்.

இந்த இடத்தை எட்டுவதற்கு டீலக்ஸில் எவ்வளவு சத்தம் ஆகிறதோ, அது ஒரு டிரம்மரோடு நிற்கும் அளவு. ட்வினில் அதே இடத்தை எட்டினால் பாடகர் மேடையை விட்டு இறங்கிவிடுவார். 100 வாட் ஆம்பை வாங்கி இரண்டில் வைத்து வாசிப்பவர், காசு கொடுத்து வாங்கிய ட்யூபின் சிறப்பைக் கேட்காமலே வீடு திரும்புகிறார்.

வைக்கும் இடம் வாங்கும் மாடலைவிட முக்கியம் என்றே சொல்வேன். 12 அங்குல ஸ்பீக்கர் உயர் சுரங்களை ஒரு குறுகிய கற்றையாக நேர் முன்னால் வீசுகிறது. ஆம்ப் தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குப் போகும். உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், உடனே ட்ரெபிளைத் திருப்புவீர்கள், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கூசும். ஒரு நாற்காலியில் ஏற்றிச் சற்றே மல்லாத்தி வையுங்கள். வாசிப்பவர் கேட்பதும் ரசிகர் கேட்பதும் அப்போதுதான் நெருங்கி வரும். மைக்கிலும் இதே கதை. ஷூர் எஸ்எம்57-ஐத் துணியை ஒட்டி ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்தால் ஒலி கூர்மையாகக் குத்துகிறது. நாலு விரற்கடை விளிம்பு நோக்கி நகர்த்தினால் உடம்பு வருகிறது. சவுண்டுக்காரர் ஈக்யூவைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

குறைகள் உண்டு. மிட் குமிழ் இல்லை. பெடல்களுக்கு எஃபெக்ட்ஸ் லூப் இல்லை. வால்யூமை ஏற்றினால் பேஸ் குழைந்துவிடும். அதை இரண்டு மூன்றுக்குள் அடக்க வேண்டும். ஸ்பிரிங் ரிவெர்ப் அவ்வளவு அழகு, ஆனால் பலகை மேடையில் யாராவது குதித்தால் இடி விழுந்ததுபோல் அதிரும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கவலை கரண்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட். அதை 230 வோல்டில் நேராகச் செருகினால் ஃபியூஸோ ட்ரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். 500 விஏ ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போதும். ஜெனரேட்டரில் ஓடும் மண்டபமானால் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத ஆம்பில் செருகிய கிட்டாரைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவே கூடாது; அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பின்பக்கம் ட்யூபை மாற்றலாம். சேஸிஸைத் திறக்கும் வேலை மெக்கானிக்குக்கு.

ட்யூப் செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள். இன்று உலகத்துக்கு ட்யூப் வருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான். 2022-ல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது விலை சட்டென்று ஏறியது. ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்த ஒரு ஜோடி 6வி6, ஒரு 12ஏஎக்ஸ்7, சரியான ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, இவை பையில் இல்லாமல் கச்சேரிக்குப் போகாதீர்கள்.

பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகிறவர்களுக்கு 2019-ல் வந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இருக்கிறது. ட்யூபே இல்லாத டிஜிட்டல் வடிவம், எடை சுமார் பத்தரை கிலோ. ரசிகர் வரிசையில் உட்கார்ந்து கேட்டால் வித்தியாசம் சொல்வது கடினம். என் கைக்குத் தெரிகிறது. அழுத்தி அடிக்கும் நொடியில் அந்த அமுங்கல் அவ்வளவு இயல்பாக வரவில்லை. மெட்டல் வாசிப்பவர்களுக்கு டீலக்ஸ் பொருந்தாது. பெரிய மேடையில் துளிகூடச் சிதறாத தெளிவு வேண்டுமென்பவர்கள் முதுகைப் பார்க்காமல் ட்வினுக்கே போகலாம்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரை எடுத்துப் போங்கள். வால்யூமை ஐந்தில் வைத்து வாசிக்க அனுமதி கேளுங்கள். இரண்டில் வைத்துக் கேட்டு இந்த ஆம்பை எடைபோட முடியாது. பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டு, பின்பக்கமுள்ள சின்ன ட்யூப்களைப் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பாருங்கள். மெல்லிய 'டொக்' கேட்டால் பரவாயில்லை. மணியடித்ததுபோல் ரீங்காரம் நீண்டால் அந்த ட்யூபை மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.