340-ஆம் வகுப்பும் கடலூர்ப் புயல் கூண்டும்

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய வகைப்பாட்டில் 340 என்று ஒரு வகுப்பு இருந்தது. தலைப்பு, "தகவல்தொடர்பு: மின்சாரம்". பெயரைப் பார்த்தால் தந்தி, தொலைபேசி எல்லாம் இதற்குள்தான் இருக்கும் என்று தோணும். இல்லை. தந்திக்கு 178, தொலைபேசிக்கு 379 என்று தனி வகுப்புகள். அப்போ 340-இல் என்னதான் இருந்தது? திருட்டு அலாரம், தீ அலாரம், வண்டிகளின் சிக்னல் விளக்கு, மீட்டர் அளவைத் தொலைவிலிருந்து அனுப்பும் கருவி, பில் போடாத துணியை வாசலில் கத்த வைக்கும் பட்டை. மனிதரோடு மனிதர் பேசுவதற்கு வேறு வகுப்புகள் இருந்தன. கருவி மனிதரைக் கூப்பிட்டுச் சொல்வதில் பெரும்பகுதி இங்கே வந்து சேர்ந்தது.

நான் மென்பொருள் ஆள். ஓய்வு நேரத்தில் காப்புரிமைப் பத்திரங்களைப் படிப்பது ஒரு பழக்கம். அதில் புரிந்துகொண்டது, வகுப்பு எண் இல்லாமல் தேடினால் பாதி கிடைக்காது என்பது. ஜகதீஷ் சந்திர போஸுக்கு 1904 மார்ச் 29 அன்று கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 755,840-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மின்காந்த அலைகளை உணரும் கலினா படிகக் கருவி அது. தலைப்பு "மின் குழப்பங்களை உணரும் கருவி" என்ற மாதிரி இருக்கும். அதில் 'ரேடியோ' என்ற சொல்லே கிடையாது. சொல்லை வைத்துத் தேடுபவர் கையில் அது சிக்காது. பரிசோதகருக்கு ஒரே கேள்விதான்: "இதை முன்னாடியே யாராவது செய்திருக்காங்களா?" அதற்குப் பதில் தேடத்தான் வகுப்பு.

இப்போது 340 இல்லை. 2013-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய அலுவலகமும் சேர்ந்து சி.பி.சி. என்ற கூட்டு வகைப்பாட்டைக் கொண்டுவந்தன. அதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தத்தில் பிறந்த ஐ.பி.சி. இந்தியாவிலும் அதுதான். பண்ருட்டியில் ஒருவர் ஒரு எச்சரிக்கைக் கருவி கண்டுபிடித்தால், விண்ணப்பம் சென்னை கிண்டிக்குப் போகும். பெரும்பாலும் ஜி08பி என்ற எண் விழும்.

ஜி08பி எப்படிப் பிரிகிறது? 13 திருட்டு, 17 தீ, 21 வேறு ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஆபத்து. 27 என்பது ஒரு மையத்திலிருந்து பல இடங்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது. 29 என்பது அலாரமே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது. நிலநடுக்கம், சூறாவளி மாதிரியான பேரழிவுக்கு 21/10. ஆனால் அதே எச்சரிக்கை செல்பேசி வழியாக வந்தால் ஹெச்04டபிள்யூ 4/90 என்ற வேறு வீட்டிலும் தேட வேண்டும். ஆக, சுனாமி எச்சரிக்கைக்கு மூன்று கதவுகள். ஒரே பத்திரத்துக்குப் பல எண்கள் கொடுக்கலாம் என்பதால் பரிசோதகர் சமாளித்துவிடுவார்.

என் குறை வேறு. இந்தப் பிரிவுகள் எதை உணர்ந்தது, எந்த வழியில் அனுப்பியது என்று கேட்கின்றன. கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இடம் மிகக் குறைவு. கட்டடத்திலிருந்து தப்பும் வழியைக் காட்டும் கருவிகளுக்கு ஜி08பி 7-இன் கீழ் இடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் நிற்பவருக்கு அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

இதோடு ஒப்பிட நம்ம பக்கத்திலேயே ஒரு வகைப்பாடு இருக்கிறது. கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூண்டு, இரவில் விளக்கு, மொத்தம் 11 எண்கள். 1, 2 தூரத்தில் புயல் சின்னம். 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். டிவியில் "ஐந்தாம் எண்", "ஆறாம் எண்" என்று சொன்னதும் நாம் என்ன நினைக்கிறோம்? ஐந்தைவிட ஆறு பலமான புயல் என்று. தப்பு. 5 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடக்கும். தீவிரப் புயலுக்கு அதே வரிசை 8, 9, 10. மேற்கு நோக்கி வரும் புயலில் வடக்குப் பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தெற்குப் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு. கப்பலைக் கரையில் மோதவிடுமா, கடலுக்குள் இழுக்குமா என்பது இதைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே புயலுக்கு ஒரே நாளில் நாகப்பட்டினத்தில் ஒரு எண், கடலூரில் வேறு எண் ஏறலாம். இந்த எண் கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

11 இன்னும் சுவாரசியம். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். செய்தி வராததையே ஒரு செய்தியாக்கிவிட்டார்கள். ஜி08பி 29-க்கு இதை அண்ணன் முறை என்று சொல்லலாம்.

ஆனால் கூண்டும் எல்லாருக்குமானது அல்ல. அது மாலுமிக்காகச் செய்தது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. கடலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலாத்தோப்புக்காரருக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்ற எண்ணால் என்ன பயன்? அவருக்கு வானிலைத் துறையின் நிறங்கள்தான் பொருத்தம்: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. அது கேட்பவரின் வேலையை வைத்துப் பிரித்த பிரிவு.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், வகுப்புவாரியாகக் காப்புரிமைகளை எண்ணி, "இந்தத் துறையில் இந்த நாடு இவ்வளவு முன்னேற்றம்" என்று எழுதும் கட்டுரைகள் அடிக்கடி வருகின்றன. ஜி08பி-யை அப்படி எண்ணிப் பேரிடர்த் தயார்நிலையை அளந்தால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26 அன்று கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமத் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் தப்பியது. இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்தது 2007-இல்தான்.

ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி. இரண்டும் பழசு. புதுமை இல்லை, எனவே காப்புரிமை இல்லை, எனவே எந்த எண்ணிலும் அது கணக்கில் வராது. பரிசோதகரின் வகைப்பாட்டுக்கு இது குறை அல்ல; அவர் கேட்ட கேள்வி அது இல்லை. அந்த எண்களை வைத்து வேறு கேள்விக்குப் பதில் சொல்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை டிவியில் கூண்டு எண் சொன்னால், எந்தத் துறைமுகம் என்று முதலில் பாருங்கள். பண்ருட்டி மாதிரி உள்ளூரில் இருந்தால், எண்ணை விட்டுவிட்டு உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள்.