எழுபத்தொன்பதாவது நிமிடம்
‘பார்போசா’ குறும்படத்தை முன்வைத்து

விளையாட்டைப் பற்றிய கலைப்படைப்புகளில் பெரும்பாலானவை வெற்றியைக் கொண்டாடுபவை. தோல்வியைப் பொருளாகக் கொண்டவை குறைவு. தோற்றவனின் அருகில் நின்று அவன் முகத்தை உற்று நோக்குபவை அவற்றினும் குறைவு. 1988இல் பிரேசில் நாட்டின் ஜோர்ஜ் ஃபுர்த்தாடோ, அனா லூயிசா அசெவேடோ ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய ‘பார்போசா’ என்னும் குறும்படம் அத்தகைய அரிய படைப்பு. ஏறத்தாழ 13 நிமிடங்களே ஓடும் இப்படம் பெரியதொரு வினாவை எழுப்புகிறது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தை ஒரேயொரு கணம் தீர்மானித்துவிட முடியுமா? முடியுமென்றால், அந்தக் கணத்தின் பொறுப்பை ஒரு தனிமனிதன் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டுமா?

படத்தைப் புரிந்துகொள்ள அந்த ஆட்டத்தை முதலில் அறிதல் வேண்டும். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி பிரேசிலில் நடைபெற்றது. அவ்வாண்டு இறுதியாட்டம் என ஒன்று தனியே வகுக்கப்படவில்லை. பிரேசில், உருகுவே, ஸ்பெயின், சுவீடன் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதி, அதிகப் புள்ளிகள் பெறும் அணி கோப்பையைப் பெறும் என்பதே ஏற்பாடு. பிரேசில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்தது. உருகுவேயோ ஸ்பெயினுடன் 2-2 எனச் சமநிலை கண்டு, சுவீடனை 3-2 எனத் தட்டுத்தடுமாறி வென்றிருந்தது. ஆகவே ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் உருகுவேயைச் சந்தித்தபோது பிரேசில் வெல்ல வேண்டிய தேவைகூட இல்லை; சமநிலையே போதுமானது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். அன்றைய நாளேடு ஒன்று பிரேசில் வீரர்களின் படத்தை வெளியிட்டு, உலக வெற்றியாளர்கள் இவர்களே என்று ஆட்டத்துக்கு முன்பே அறிவித்திருந்தது. நகரத் தலைவரும் ஆட்டம் தொடங்குமுன்னர் ஒலிபெருக்கியில் அவ்வாறே வாழ்த்துரைத்தார்.

முதற்பாதியில் கோல் ஏதும் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் பிரியாசா பிரேசிலுக்காக ஒரு கோல் அடித்தார். 66ஆவது நிமிடத்தில் உருகுவேயின் வலப்புற வீரர் கிஜ்ஜியா, தம்மைத் தடுக்க வந்த பிகோடியைக் கடந்து ஓடி, பந்தை நடுப்பகுதிக்குத் தள்ள, ஸ்கியாபினோ அதைக் கோலாக்கினார். 79ஆவது நிமிடத்தில் அதே கிஜ்ஜியா அதே பாதையில் மீண்டும் பிகோடியைக் கடந்து வந்தார். முன்போலவே பந்து நடுப்பகுதிக்கு வரும் என்று எதிர்பார்த்த கோல்கீப்பர் மோவாசிர் பார்போசா, அதை மறிக்க ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜ்ஜியா பந்தை நடுவே அனுப்பவில்லை. கோல்கீப்பருக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையில் திறந்த சிறு இடைவெளியில் அடித்தார். உருகுவே 2, பிரேசில் 1. அரங்கம் ஊமையானது. அந்த ஓரடியே பின்னர் பார்போசாவின் வரலாறு முழுவதும் ஆயிற்று.

இனிக் குறும்படத்துக்கு வருவோம். பாவுலோ பெர்திகாவோ 1986இல் எழுதிய, அத்தோல்வியை ஆராயும் நூலின் தூண்டுதலில் பிறந்த கதை இது. சிறுவனாக அந்த ஆட்டத்தைக் கண்டு மனமுடைந்த ஒருவன், நடுவயதில் காலத்தைக் கடந்து 1950க்குத் திரும்புகிறான். அன்டோனியோ ஃபாகுண்டெஸ் அப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். அவனது நோக்கம் ஒன்றுதான்: அந்தக் கோல் விழாமல் தடுக்க வேண்டும். அது தடுக்கப்பட்டால் தன் குழந்தைப் பருவம் மீளும், பார்போசாவும் பிழைப்பார் என்று நம்புகிறான். அரங்கினுள் எப்படியோ நுழைந்து கோல் கம்பத்தின் அருகே வந்துவிடுகிறான். கிஜ்ஜியா ஓடிவருகிறார். எச்சரிப்பதற்காக அவன் பார்போசாவை அழைக்கிறான். அந்தக் குரலால் கோல்கீப்பரின் கவனம் சிதறுகிறது. பந்து வலைக்குள் போகிறது. தடுக்க வந்தவனே காரணமாகிவிடுகிறான்.

காலப்பயணக் கதைகளில் இத்தகைய திருப்பம் புதியதன்று. ஆயினும் இங்கே அது வெறும் கதைத் தந்திரமாக நின்றுவிடவில்லை. அந்த மனிதன் ஒரு நாட்டின் உருவகம். பிரேசில் மக்கள் நாற்பது ஆண்டுக்காலமாக நினைவில் மீண்டும் மீண்டும் அந்த நிமிடத்துக்குச் சென்று, பார்போசாவின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கூவியதாலேயே அந்த நிமிடம் அவருக்கு என்றும் முடியாத நிமிடமாயிற்று. கோலைத் தடுக்காதவர் பார்போசாவாக இருக்கலாம். ஆனால் அதை நாள்தோறும் மீண்டும் விழச்செய்தவர்கள் பார்வையாளர்களே. படம் இதை உரையாடலில் சொல்லவில்லை, நிகழ்வாகவே காட்டிவிடுகிறது. பழைய செய்திப்படக் காட்சிகளோடு கற்பனைக் காட்சிகளைப் பிணைத்ததும், முதுமையுற்ற பார்போசாவையே பேசவைத்ததும் அதற்கு வலுவூட்டுகின்றன. கற்பனை மனிதன் தன் இழந்த கனவுக்காக வருந்துகிறான். உண்மை மனிதரோ தம் இழந்த வாழ்வைப் பற்றி அடங்கிய குரலில் பேசுகிறார். இவ்விரு துயரங்களும் ஒரே எடையுடையவையல்ல என்பதைப் பார்ப்பவர் தாமே உணர்கிறார்.

இத்தனை சிறப்புகளும் உடைய படத்தில் ஒரு குறையும் உண்டு. கதைநாயகனின் நம்பிக்கை பொய்க்கிறது என்று காட்டும் படம், அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைக்கவில்லை. 79ஆவது நிமிடமே ஆட்டத்தைத் தீர்மானித்தது என்பதைக் கதைநாயகனைப் போலவே படமும் ஏற்றுக்கொள்கிறது. ‘அதை மாற்ற முடியாது’ என்று சொல்கிறதே தவிர, ‘அது மட்டுமா காரணம்?’ என்று கேட்கவில்லை. பார்போசாவுக்கு அது இரக்கம் காட்டுகிறது. அவருக்கு உரிய நியாயம் இந்த இரண்டாவது வினாவில் அல்லவா இருக்கிறது?

அவ்வினாவை நாம் கேட்டுப்பார்ப்போம். 66ஆவது நிமிடத்தில் ஆட்டம் 1-1 என்றானபோது பிரேசில் இன்னமும் உலக வெற்றியாளராகவே இருந்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் ஜூல்ஸ் ரிமே, பிரேசிலைப் பாராட்டும் உரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் சமநிலையில் இருந்தபோதே இருக்கையை விட்டு இறங்கினார் என்பதும், கீழே வந்து சேர்ந்தபோது அரங்கம் அமைதியில் உறைந்திருக்கக் கண்டார் என்பதும் அவரே எழுதிய செய்தி. அப்படியானால் 66க்கும் 79க்கும் இடைப்பட்ட 13 நிமிடங்களில் பிரேசில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: கிஜ்ஜியாவின் பாதையை அடைப்பது. முதற்கோல் எந்த வழியாக வந்தது என்பதை அரங்கமே கண்டிருந்தது. பிகோடிக்குத் துணையாக இன்னொருவரைப் பின்னால் நிறுத்தியிருக்கலாம். ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். அது நடைபெறவில்லை. அதே வாய்க்கால் வழியே வெள்ளம் இரண்டாம் முறையும் வந்தது.

இன்னும் கூர்ந்து நோக்கினால் பார்போசாவின் ஓரடி அறியாமையால் வைத்த அடியன்று என்பது விளங்கும். முதற்கோலின்போது கிஜ்ஜியா பந்தை நடுவே அனுப்பினார். அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டே பார்போசா இரண்டாம் முறை நடுப்பகுதியைக் காக்க முயன்றார். அவர் நகராமல் கம்பத்தோடு ஒட்டி நின்று, பந்து மீண்டும் நடுவே சென்று கோலாகியிருந்தால், ‘ஒருமுறை பட்டும் அறியவில்லையே’ என்று அதே மக்கள் ஏசியிருப்பார்கள். எனவே இரண்டாம் கோல் முதற்கோலின் பிள்ளை. முதற்கோல், அடைக்கப்படாத பாதையின் விளைவு. இவற்றுக்கெல்லாம் முன்னே, முதற்பாதியில் அலையலையாகத் தாக்கியும் ஒரு கோல்கூட அடிக்க இயலாத பிரேசிலின் முன்வரிசை இருக்கிறது. பிரியாசாவின் கோல் விழுந்தவுடன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுவரிடம் வாதாடி, கூட்டத்தின் ஆரவாரம் தணியும்வரை ஆட்டத்தைத் தாமதப்படுத்திய உருகுவே தலைவர் ஒப்துலியோ வரேலாவின் விவேகமும் இருக்கிறது. ஆட்டத்தைத் திருப்பிய கணம் எது என்று கேட்டால், கோலே விழாத அந்தக் கணத்தைச் சுட்டுவோரும் உளர்.

அங்ஙனமாயின் ஒற்றைக் கணம் எதையுமே தீர்மானிப்பதில்லையா? அப்படிச் சொல்வதும் உண்மைக்குப் புறம்பானது. கால்பந்தில் கோல்கள் குறைவு. கிரிக்கெட்டில் ஓர் ஓட்டத்தை இழந்தால் இன்னோர் ஓட்டம் எடுக்கலாம். கால்பந்தில் ஒரு கோல் என்பது பல வேளைகளில் முழு ஆட்டத்தின் விளைச்சல். ஆகவே அங்கே ஒரு கணத்தின் எடை அதிகம். ஆனால் எடை வேறு, காரணம் வேறு. தராசுத் தட்டைச் சாய்ப்பது கடைசியாக இட்ட குன்றிமணி என்பது மெய். முன்னே இட்டவை எல்லாம் எடையற்றவை என்பது பொய். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே நெருப்பில் ஒன்றாக வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஆடிய ஆட்டத்துக்குப் பொருந்தாது.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1994 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் கோலின்றிச் சமநிலை கண்டு, பெனால்டி உதைகளால் வெற்றி முடிவாயிற்று. இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அவர் தலைகுனிந்து நின்ற படமே உலகெங்கும் பரவியது. ஆனால் அவருக்கு முன்பே பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தனர். பாஜியோ கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதமிருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, காலிறுதிக்கு முந்தைய சுற்று முதல் அரையிறுதி வரை ஐந்து கோல்கள் அடித்து அவ்வணியை இறுதிவரை அழைத்து வந்தவரும் அவரே. அழைத்து வந்தவரின் உழைப்பை விட்டுவிட்டுக் கடைசி உதையை மட்டும் நினைவு பிடித்துக்கொண்டது.

நினைவு ஏன் இப்படிச் செய்கிறது? பரந்து கிடக்கும் காரணங்களை மனம் சுமக்க விரும்புவதில்லை. பயிற்சியாளர், முன்வரிசை, செய்தித்தாள், நகரத் தலைவர், முன்கூட்டியே கொண்டாடிய கூட்டம் என எல்லாருக்கும் பங்குண்டு என்றால், அந்தக் கூட்டத்தில் நாமும் இருப்போம். ஒருவனைச் சுட்டிவிட்டால் மற்றவர் அனைவரும் விடுதலை பெறுவர். சுட்டப்படுகிறவனும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. 1950இல் பெரும்பழியைச் சுமந்தவர்கள் மூவர்: பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர். இதைத் தற்செயல் என்று கடந்துபோக இயலாது. ‘திருப்புமுனை’ என்று நாம் பெயரிடுவதில் நம் பழைய வெறுப்புகளும் கலந்திருக்கக்கூடும். குறும்படம் தொட்டும் தொடாமலும் விட்ட இடம் இதுவெனலாம்.

பார்போசா சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1948இல் தென்னமெரிக்கச் சங்கங்களுக்கிடையிலான போட்டியை வென்ற வாஸ்கோ ட காமா அணியின் காவலர். மறு ஆண்டு தென்னமெரிக்கக் கோப்பையை வென்ற பிரேசிலின் காவலர். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவருக்காகச் சொல்வார் இல்லை. கடையொன்றில் ஒரு தாய் தம் சிறு மகனிடம் அவரைச் சுட்டி, நாட்டையே அழவைத்த மனிதர் இவர்தாம் என்று சொன்னதை அவர் பின்னாளில் வேதனையோடு நினைவுகூர்ந்தார். தம் நாட்டில் குற்றத்துக்கு மிகக்கூடிய தண்டனை 30 ஆண்டுகளே, தாமோ செய்யாத குற்றத்துக்கு 50 ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாகவும் கூறினார். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று, 79ஆம் வயதில் இறந்தார்.

2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசாந்தே நகரில் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. அத்தோல்வி மிகப் பெரியது. ஆனால் அதிலிருந்து ஒரு பார்போசா உருவாகவில்லை. ஏழு கோல்களை ஒருவன் தலையில் ஏற்ற இயலாதல்லவா? நூலிழையில் தோற்றபோது ஒருவர் வாழ்வு முழுதும் தண்டிக்கப்பட்டார். அடியோடு தோற்றபோது பழி பலருக்கும் பங்கிடப்பட்டது. பிழையின் அளவுக்கும் பழியின் அளவுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

‘பார்போசா’ குறும்படத்தின் கதைநாயகன் செய்யத் தவறியது ஒன்றுண்டு. காலத்தைக் கடந்து செல்லும் ஆற்றல் பெற்றும் அவன் 79ஆவது நிமிடத்துக்கே போனான். அவன் 66ஆவது நிமிடத்துக்குப் போயிருக்கலாம். அல்லது ஆட்டம் முடிந்த பின், எல்லாரும் விலகிச் சென்ற வேளையில், அந்தக் கோல்கீப்பரிடம் போயிருக்கலாம். கோலைத் தடுப்பது எவராலும் ஆகாத செயல். தோற்றவனைத் தனியே விடாதிருப்பதற்குக் காலப்பயணம் தேவையில்லை. அது அன்று மரக்கானாவில் இருந்த ஒவ்வொருவராலும் ஆகக்கூடியதாக இருந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளிலும் எந்த நாளிலும் ஆகக்கூடியதாகவே இருந்தது.